கடைசி பஸ்ஸும் கல்லூரி அணியும்

கல்லூரி அணிகளின் ரசிகர்கள் பாவப்பட்டவர்கள். கிளப் அணி பிடிக்காவிட்டால் வேறு அணிக்கு மாறலாம். பார்சிலோனாவிலிருந்து மட்றிட்டுக்கு மாறின ஆளை எங்களுக்கே தெரியும். ஊர் இரண்டு கிழமை சிரித்துவிட்டு மறந்துவிட்டது. படித்த கல்லூரியை அப்படி மாற்ற முடியாது. அது பிறப்புச் சான்றிதழில் இருக்கிற அப்பாவின் பெயர் மாதிரி. தோற்றாலும் எங்கள் அணிதான், கேவலமாகத் தோற்றாலும் எங்கள் அணிதான்.

மூன்று வருடமாக நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற கல்லூரி அணி தோற்பது எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. தோற்கிற விதம்தான் பிரச்சினை. மாகாணப் போட்டிக்கு முதல்நாள் இரவுதான் உதைபந்தாட்ட அணியின் பெயர்ப் பட்டியல் வருகிறது. வானுக்குக் காசு இல்லை என்று 18 பேரில் 13 பேரைத்தான் கூட்டிப்போகிறார்கள். அதே வருடம் கிரிக்கெட் பெரிய மெச்சுக்குப் பந்தல், பான்ட், மலர் எல்லாம் வருகிறது. பயிற்சி பின்னேரம் நான்கு மணிக்கு. தெற்குக் கரைக்குப் போகிற கடைசி பஸ் அதற்கு முதலே போய்விடும். அதனால் பயிற்சிக்கு நிற்கிறவர்கள் நகரத்துக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான். பிறகு, "கரைப் பெடியள் ஒழுங்காகப் பயிற்சிக்கு வாறதில்லை" என்று ஒரு கதையும் சொல்லுவார்கள்.

எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு கல்லூரிதான் இப்படி எண்டு ஆகிவிடும். வடக்கில் எந்தக் கல்லூரியின் பழைய மாணவரைப் பிடித்துக் கேட்டாலும் இதில் பாதியாவது சொல்லுவார். ஆகவே ஒரு அதிபரையோ பொறுப்பாசிரியரையோ திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்களில் சிலர் முள்ளிக்குளத்துப் பிள்ளைகள், சிலர் மன்னார் தீவுப் பிள்ளைகள். எங்கள் கரை முழுக்கப் பந்தடிக்கிற கரை. இப்படிப்பட்ட கரையில், கல்லூரி விளையாட்டு ஏன் எங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றாகவே இருக்கிறது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கல்லூரி விளையாட்டு இந்த நாட்டுக்கு வந்தது இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பள்ளிகள் ஒரு நம்பிக்கையை வளர்த்தன: மைதானத்தில் ஒழுங்காக ஆடத் தெரிந்தவன் ஆட்களை ஆளவும் தெரிந்தவன். ஆளப் பிறந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான பயிற்சி அது. அதே ஆட்கள் குடியேற்ற நாடுகளில் கல்லூரி நடத்த வந்தபோது விளையாட்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொழும்பில் றோயலுக்கும் சென். தோமஸுக்கும் இடையிலான தொடர் 1879, 1880ஆம் ஆண்டுகளில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் ஆடுகிற வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. ஒன்று மெதடிஸ்த மிஷன் வைத்தது, மற்றது அங்கிலிக்கன் சபையின் மிஷன் வைத்தது. பிறகு சென். பற்றிக்ஸுக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பொன் அணிகளின் போர், இந்துக் கல்லூரிகளுக்கு இந்துக்களின் போர் என்று ஒவ்வொரு சபைக்கும் சமயத்துக்கும் ஒரு போர் வந்து சேர்ந்தது. நிஜப் போர் நடந்த மண்ணில் ஒவ்வொரு கிரிக்கெட் ஆட்டத்துக்கும் போர், சமர் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது வேறு கதை.

பெருஞ்சமரை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. போன மாதிரிப் போய்ப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பப்பரே வாத்தியம், கொடி கட்டின லொறி, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவு எடுத்து வந்து நிற்கிற நரைத்த தலைகள், எல்லாம் ஒரு பெரிய சந்தோசம்தான். போர் பல வருடங்களில் ஆட்டத்தை நிறுத்தினாலும் பெருஞ்சமர் செத்துப்போகவில்லை. அதற்காக அந்தக் கல்லூரிகளை மதிக்கத்தான் வேணும். 2020இல் லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசி, 2024இல் ஐ.பி.எல்லில் ஹைதராபாத்துக்கு ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் மத்திய கல்லூரிப் பெடியன். அதே கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர்; 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இந்த நாட்டுக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தவர். ஆக, கல்லூரிகளால் ஒன்றும் முடியாது எண்டில்லை.

ஆனால் இந்த அமைப்பு எதை நோக்கிக் கட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். வருடத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு கல்லூரி, பழைய மாணவர் எல்லாரும் வந்து பார்க்கிற ஒரு காட்சி. காசு வருவதும் அந்த நாட்களுக்குத்தான், அனுசரணையாளர் வருவதும் அதற்குத்தான், அதிபரின் பெயர் நிற்பதும் விழுவதும் அதில்தான். மற்ற 360 நாளும் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. பெரிய மெச் இல்லாத கல்லூரிகளும் அதைப் பார்த்து ஏங்கித் தாங்களும் ஒன்றைத் தொடங்குகின்றன. இப்போது எங்கள் பக்கத்திலும் அந்த ஆசை வந்திருக்கிறது.

இல்ல மெய்வல்லுநர் போட்டியும் இதே குணம்தான். இலங்கையில் படித்த ஆருக்கும் தெரியும்: தை மாசி பிறந்தால் படிப்பு நின்று, அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் இல்ல அலங்காரமும் தொடங்கிவிடும். ஓலையிலும் றெஜிபோமிலும் கப்பல் கட்டுவார்கள், கோட்டை கட்டுவார்கள். இரவிரவாக ஒட்டி வெட்டி நிறம் பூசி விடிய நித்திரையில்லாமல் ஓடப் போவார்கள். அலங்காரத்துக்குக் கிடைக்கிற புள்ளி இல்லத்தின் தரவரிசையையே மாற்றிப்போடும். ஓட்டப்போட்டியில் ஓடாமலே வெல்லலாம் எண்ட ஒரே நாடு இதுவாகத்தான் இருக்கும். (எங்களுக்கும் கப்பல் கட்டப் பிடிக்கும். அது ஓட்டம் இல்லை என்றுதான் சொல்கிறோம்.)

மன்னார்க் கரையின் விளையாட்டு இந்த வழியால் வரவில்லை. இங்கே பெரிய மிஷன் கல்லூரிகளின் வரிசை கிடையாது. இருந்தது கோயில், கோயிலோடு ஒரு பள்ளிக்கூடம், பக்கத்தில் ஒரு வெளி, அதற்கு அப்பால் கடல். இந்தக் கரையில் பல பாடசாலைப் பலகைகளில் இன்றைக்கும் றோ.க.த.க. பாடசாலை என்று பார்ப்பீர்கள். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். அரசாங்கப் பள்ளிக்கூடம், ஆனால் பெயரில் இன்னும் பழைய உடைமைக்காரர் இருக்கிறார்.

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது: கட்டணம் வாங்காமல் சொந்தச் செலவில் நடத்த முடிந்தால் தனியாராக நிற்கலாம். யாழ்ப்பாணத்தின் சென். ஜோன்ஸ், சென். பற்றிக்ஸ், யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை அப்படி நின்றன. அவற்றின் பின்னால் பழைய மாணவர்களும் சொத்தும் இருந்தன. மீன்பிடிக் கிராமத்துக் கோயில் பள்ளிக்கூடத்துக்கு யார் இருந்தார்கள்? அவை ஒன்றுவிடாமல் அரசாங்கத்திடம் போயின. போனது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் அம்மம்மாமார் காசு கட்டாமல் படித்தது இலவசக் கல்வியால்தான். விளையாட்டைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்: கல்லூரிகள் தங்கள் மைதானத்தோடும் பழைய மாணவரோடும் விளையாட்டைக் காப்பாற்றின. கரையில் விளையாட்டைக் காப்பாற்றியது பள்ளிக்கூடம் இல்லை, ஊர்க் கழகம்.

மன்னாரில் உதைபந்தாட்டக் கழகங்களின் பெயரை வாசித்தால் ஒரு புனிதர் மன்றாட்டுமாலை மாதிரி இருக்கும். பள்ளிமுனை சென். லூசியாஸ் தொடக்கம் பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, பனங்கட்டுக்கொட்டு என்று ஒவ்வொரு ஊரும் தன் பாதுகாவலர் பெயரிலோ வேறு பெயரிலோ ஒரு அணி வைத்திருக்கும். திருநாள் வந்தால் கிண்ணம். விடியக் கடலால் வந்து வலை தட்டிப்போட்டுப் பின்னேரம் வெறுங்காலோடு இறங்குவார்கள். பயிற்றுநர் என்று தனி ஆள் இல்லை. நன்றாக ஆடின அண்ணன்மார்தான் சொல்லிக்கொடுப்பார்கள், சொல்லிக்கொடுக்கிறதைவிடக் கத்துவார்கள். இந்தத் தரையிலிருந்துதான் தேசிய அணியின் பின்களத்தில் ஆடிய டக்சன் பியுஸ்லஸ் போன்றவர்கள் வந்தார்கள். 2022 பெப்ரவரியில், மாலைதீவுக் கழகம் ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 31 வயதில் அவர் அங்கே இறந்தபோது மன்னாரே செத்தவீடு மாதிரி இருந்தது.

கழகத்துக்கும் கல்லூரிக்கும் இடையிலான இந்தப் பிரிவு எங்களுக்கு மட்டும் உரியதில்லை. 1883இல் லண்டனில் எப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். ஒரு பக்கம் ஓல்ட் எட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள், முதல் வருடம் கிண்ணத்தை வென்றவர்கள். மற்றப் பக்கம் பிளக்பேர்ன் ஒலிம்பிக், பஞ்சாலையிலும் இரும்பு வார்ப்பிலும் வேலை செய்தவர்கள். ஆலைக்காரர்கள் ஆட்டத்துக்கு முதல் பிளக்பூல் கடற்கரையில் சில நாள் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். கனவான்கள் அதைப் பார்த்து முகஞ்சுளித்தார்கள். விளையாட்டுக்கு இப்படிப் பயிற்சி எடுப்பது கண்ணியம் இல்லையாம். மேலதிக நேரத்தில் 2-1. கிண்ணம் ஆலைக்குப் போனது. அதன்பிறகு எந்தக் கனவான் அணியும் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை.

எங்களுக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் தெரியும்தானே. ஆனால் இலங்கையில் அந்த 1883 இன்னும் வரவில்லை. ஏனென்றால் இங்கே ஊர்ப் பிள்ளை மேலே போவதற்கான ஏணி கழகத்தில் இல்லை, பாடசாலையில்தான் இருக்கிறது. வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போகிற பாடசாலைப் போட்டிகளில் ஆடினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விசேட அனுமதி கேட்கலாம், வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த ஏணியில் ஒரு படி கழன்று கிடக்கிறது. எங்கள் நாட்டில் பாடசாலைகளுக்கு வகை உண்டு. 1 ஏபி என்றால் விஞ்ஞானம் உட்பட உயர்தரம் எல்லாம் இருக்கும். 1 சி என்றால் கலை, வர்த்தகம். வகை 2 என்றால் சாதாரண தரத்தோடு சரி. வகை 3 சின்னப் பிள்ளைகளுக்கு. கரையோரக் கிராமத்துப் பாடசாலைகளில் அதிகம் இந்தக் கடைசி இரண்டு வகை. அங்கே படிக்கிற ஒரு பெடியன் 16 வயதின்கீழ் அணியில் ஆடி வலயத்தை வெல்லுவான். பிறகு சாதாரண தரம் எழுதுவான். 18, 20 வயதுப் பிரிவுகளில் ஆட அவனுக்குச் சொந்தப் பாடசாலை இல்லை. நகரத்துக் கல்லூரிக்குப் போகவேணும். போனால், ஊரும் அண்ணன்மாரும் ஆறேழு வருடம் வளர்த்த காலை அந்தக் கல்லூரி ஒரு வருடத்தில் தன் கிண்ண அலுமாரியில் வைக்கும். போக முடியாவிட்டால், கடலுக்குப் போவான். எங்களோடு ஆடின மிக நல்ல இடதுகால் ஒன்று இப்போது பருத்தித்துறைக்காரரின் படகில் இழுவை இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பஸ் வருகிறது. கல்லூரி தன் விளையாட்டை நடத்துகிற விதம் என்று நாங்கள் சொல்வது பெரிய தத்துவம் இல்லை. பயிற்சி எத்தனை மணிக்கு, பஸ் எத்தனை மணிக்கு, விடுதியில் எத்தனை இடம், அந்த இடம் யாருக்கு. இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொன்னால் ஒரு கல்லூரிக்கு யார் ஆடுவார்கள் என்று அணித்தெரிவுக்கு முதலே சொல்லிவிடலாம்.

முள்ளிக்குளத்துக்கு வருவோம். மன்னார் மாவட்டத்தின் தெற்கு ஓரம், முசலிப் பிரிவு. ஒரு பக்கம் வில்பத்துக் காடு, ஒரு பக்கம் கடல், கொஞ்சம் தாண்டினால் புத்தளம் மாவட்டம். பழைய காலத்தில் முத்துக்குளிப்புக்காக உலகமே வந்துபோன கரை இது. அரிப்பில் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டின மாளிகையின் இடிபாடு இன்னும் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. முத்துப் போனபிறகு மீனும் வயலும் குளமும்தான். அயலில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி என்று முஸ்லிம் ஊர்கள்.

இந்தக் கரையின் விளையாட்டு வரலாற்றில் முதல் பெரிய வெட்டு 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் ஊர்கள் புத்தளத்துக்குப் போயின. எங்கள் பெரியாக்கள் அந்தக் காலத்து ஆட்டங்களைச் சொல்லும்போது ஒரு அணியில் பாதிப் பெயர் இப்போது ஊரில் இல்லாத பெயர்களாக இருக்கும். எதிரணி இல்லாமல் ஒரு அணி எவ்வளவு நாள் அணியாக இருக்கும்? இதை எங்கள் பக்கத்தில் அதிகம் ஆட்கள் கதைப்பதில்லை. கதைக்கவேணும்.

இரண்டாவது வெட்டு முள்ளிக்குளத்துக்கே விழுந்தது. 2007 செப்ரெம்பரில், சிலாவத்துறைப் பகுதியை இராணுவம் கைப்பற்றிய நாட்களில், செப்ரெம்பர் 8ஆம் திகதி சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்ற பேச்சோடு போனவர்கள். போர் 2009இல் முடிந்தது. ஊர் திரும்பவில்லை. முள்ளிக்குளம் கடற்படையின் வடமேல் கட்டளையகமாகிவிட்டது. சனம் 2012இல் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் காடு வெட்டிக் குந்தியது. கோயிலுக்கு அனுமதியோடு போய்ப் பூசை கண்டு திரும்பினார்கள். 2017 மார்ச் 23இல் வாசலில் குந்தித் தொடர் போராட்டம் தொடங்கி, ஏப்ரல் 29இல் கடற்படை 100 ஏக்கரை விடுவதாகச் சொன்னபோது 38 நாளாகியிருந்தது. கட்டளையகம் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

காணிப் போராட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வீட்டைக் கணக்கெடுத்தார்கள், வயலைக் கணக்கெடுத்தார்கள், குளத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒரு ஊரின் அணி கலைந்துபோவதைக் கணக்கெடுக்கிற படிவம் ஒன்றும் இல்லை. 2007இல் 12 வயதாக இருந்த பெடியனை யோசித்துப் பாருங்கள். மாவட்டம் முழுக்க உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் சிதறின சனத்தோடு அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். வந்தான்வரத்தான். அணியில் இடமில்லை. வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறுகிறான். 2012இல் காட்டுக்குள் வருகிறபோது அவனுக்கு 17 வயது, பாடசாலை உதைபந்தாட்டம் அவனுக்கு முடிந்துவிட்டது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய அண்ணன் பேசாலையில் கலியாணம் கட்டி இருக்கிறான். அவன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய தம்பி மலங்காட்டில் வேர்க்கட்டைகளுக்கு நடுவில் பந்தை உதைத்துக் கால்விரலை உடைக்கிறான். கழகம் என்பது கட்டடம் இல்லை. மூத்தவன் இளையவனுக்குக் கத்துகிற ஒரு சங்கிலி. அது ஐந்து வருடம் அறுந்தால் காணும்.

அந்த ஐந்து வருடத்திலும் அதற்குப் பிறகும் மாவட்டத்தின் கல்லூரிகளில் ஒன்றாவது இடம்பெயர்ந்த கிராமங்களுக்குப் போய் ஒரு தெரிவுப் பயிற்சி வைத்ததாக நாங்கள் கேட்ட ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரிகளும் போருக்குள்தான் கிடந்தன, அது சரி. ஆனால் 2012க்குப் பிறகு மதில் கட்டினார்கள், நுழைவாயில் கட்டினார்கள், நினைவுக்கல் வைத்தார்கள்.

இதில் ஒரு கசப்பான பகிடி உண்டு. 2021இல் இலங்கை சுப்பர் லீக் தொடங்கியபோது நாட்டின் மேல்மட்ட உதைபந்தாட்டத்துக்கு 10 அணிகள். அதில் மூன்று படைகளின் அணிகள்: தரைப்படையின் டிபெண்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ். வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றும் இல்லை. படையில் சேர்கிற பெடியனுக்குச் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, மைதானம் உண்டு, பயிற்றுநர் உண்டு. தெற்கின் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு உண்மையான ஏணி, அதில் எங்களுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் கடற்படைக்கு ஒரு தேசிய அணி இருக்கிறது, கடற்படை இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு ஊர் அணி இல்லை. பிறகு 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்று பிபா இலங்கையையே இடைநிறுத்தியது; ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. கொழும்பில் கதிரைக்குச் சண்டை பிடித்தவர்களால் மன்னாரில் பந்தடிக்கிறவனுக்கு ஒரு வருடம் போனது.

இப்படி நடக்கத்தான் வேணும் எண்டு ஒரு விதியும் இல்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியைப் பாருங்கள். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை ஒரு கிராமத்தில் தொடங்கிய பள்ளிக்கூடம். நகரத்து மிஷன் கல்லூரிகளின் வசதி அதற்கு இல்லை. போர்க்காலத்தில் அதுவும் இடம்பெயர்ந்து அலைந்தது. ஆனாலும் அயல் ஊர்களின் பிள்ளைகளை வைத்தே ஆடியது. அதன் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் பட்டங்களை வென்றது. அங்கே படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தார். எங்கள் கல்லூரிகள் பலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து, அதோடு அணிநடை, முடிந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கன்னியாகுமரியின் மேற்குக் கரையைப் பாருங்கள். தூத்தூர், இரயுமன்துறை, சின்னத்துறை. எங்களைப்போலக் கோயிலும் கடலும் கழகமுமாக இருக்கிற மீனவ ஊர்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரயுமன்துறைக்காரர். அங்கே கல்லூரியும் தூத்தூர் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்து போகலாம்.

அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான முறைப்பாடு. அங்கே பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் ஆகக்கூட வாங்குகிறவர் ஆளுநர் இல்லை, அரசப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் புட்போல் பயிற்றுநர். ஆடுகிற பிள்ளைகள் தங்கள் பெயரை வைத்துக் காசு உழைக்க 2021 ஜூலை வரைக்கும் அனுமதி இல்லை. காசு கூடினாலும் குறைந்தாலும் கேள்வி ஒன்றுதான் போல: அணி யாருடையது, காசு எங்கே போகிறது.

ஆகவே நாங்கள் கூடிக் கதைத்து, பழைய மாணவர் சங்கத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கொடுத்தோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சியைப் பாடசாலை விட்ட கையோடு வையுங்கள், இல்லாவிட்டால் கிழமையில் இரண்டு நாள் தெற்குக் கரைக்கு ஒரு வான் பிடியுங்கள். பெரிய மெச் மலர் அச்சடிக்கிற காசில் அது வரும், நாங்கள் கூட்டிப் பார்த்தோம். அணித்தெரிவை வருடத்தில் ஒருமுறை சிலாவத்துறைப் பக்கம் வந்து வையுங்கள். மலங்காட்டுப் பெடியளும் மறிச்சுக்கட்டிப் பெடியளும் ஒரே நாளில் வரட்டும். விடுதியில் நான்கு இடத்தை வகை 2 பாடசாலைகளிலிருந்து வருகிற விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள், அதில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு. விளையாட்டுக்கு வந்த காசின் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

செயலாளர் கடிதத்தை வாங்கி வாசித்தார். நல்ல மனிசன். "வாற வருடம் கிரிக்கெட்டை முடிச்சிட்டுப் பாப்பம் தம்பியவை" என்றார். அடுத்த பொதுக்கூட்டம் ஆவணியில். அதற்கு முதல் முசலிப் பக்கத்துப் பழைய மாணவர்கள் உறுப்பினராகச் சேரவேணும். சேராதவருக்கு அங்கே கேள்வி கேட்க உரிமை இல்லை என்று யாப்பில் இருக்கிறது. சந்தா கட்டின பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். கூட்டம் முடிய நேரமாகும் என்பதால் திரும்பி வருவதற்கு ஒரு வானுக்குச் சொல்லியிருக்கிறோம்.